பிக்கப்பில் ஆயில் லீக்: அறிகுறியை வைத்து இடத்தைப் பிடிப்பது எப்படி

ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது முட்டைக்கோஸ். தாளவாடிக்கும் கோவைக்கும் நடுவே, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவதுதான் என் வண்டியின் வேலை. 2.5 லிட்டர் டீசல் பிக்கப். சில வருடங்களுக்கு முன்பு எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. பார்த்த மெக்கானிக், "கிராங்க் பின் சீல் போயிடுச்சு" என்றார், அதாவது கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம். கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச்சைக் கழற்றி, சீல் மாற்றினார்கள். இரண்டு நாள் லோடு போனது. மூன்றாவது வாரம் அதே இடத்தில் அதே சொட்டு.

அப்புறம் வேறொரு பெரியவர் வண்டியைப் பார்த்தார். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. எஞ்சினைக் கழுவச் சொன்னார், காயவைத்தார், பின்பக்கம் முழுக்க முகப் பவுடரைத் தூவினார், அரை மணி நேரம் ஓட்டி வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரே ஒரு கோடு எஞ்சினின் மேல் மூடியான டாப் கவரின் பின் மூலையிலிருந்து கீழே இறங்கியிருந்தது. இடுக்கை அடைக்கும் டாப் கவர் பேக்கிங் ஒன்று, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் டியூப் அடைத்துப்போனது ஒன்று. இரண்டையும் மாற்றியதும் லீக் நின்றது. முதலில் செலவு செய்து மாற்றிய அந்தப் பின்பக்க சீலுக்கும் இந்தச் சொட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு நாள் வருமானம் போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். பொலேரோ பிக்கப்போ, யோதாவோ, தோஸ்த்தோ, எந்த வண்டியாக இருந்தாலும் தேடுகிற முறை இதுதான்.

சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா?

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரியுங்கள். முன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அட்டையில் பேனாவால் குறியுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்தை அந்தக் குறியோடு ஒப்பிட்டால், வண்டியின் எந்தப் பகுதிக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிறகு விரலில் தொட்டுப் பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயில் மாற்றிக் கொஞ்சநாளிலேயே கறுத்துவிடும், கறுப்பாக வழவழப்பாக இருந்தால் அதுதான். கியர் ஆயில் இன்னும் கெட்டி, கந்தக வாடை அடிக்கும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சையாகவோ ஆரஞ்சாகவோ, தண்ணீர்போல ஓடி லேசாகத் தித்திப்பு வாசனை வந்தால் கூலன்ட். மெல்லிசாக, மஞ்சள் கலந்து, சக்கரத்துக்குப் பக்கத்திலோ கிளட்ச் சிலிண்டருக்குக் கீழேயோ விழுந்தால் பிரேக் ஆயில். அதை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஏசி வண்டியாக இருந்து வெறும் தண்ணீர் சொட்டினால் கவலையே இல்லை.

கழுவாமல் எதையும் கழற்ற வேண்டாம்

ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், எடை கீழே இழுக்கும். அதனால் மேலே, முன்பக்கம் கசிகிற ஆயில் கீழே, பின்பக்கம்தான் சொட்டும். சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கிற உறுப்பைக் குற்றம் சொல்லும் பழக்கத்தால்தான் பாதிப் பணம் வீணாகிறது. நீங்கள் தேட வேண்டியது, ஈரம் தொடங்குகிற மிக உயரமான, மிக முன்பக்கமான இடத்தை.

பழைய எஞ்சினில் ஆயிலும் தூசியும் சேர்ந்து விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அதற்குள் எதையும் பார்க்க முடியாது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு, சென்சார் வயர் கப்ளர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் கட்டிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் கழுவினால், பிரஷர் கன்னை சீல்களுக்கும் கப்ளர்களுக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்றே சொல்லுங்கள். டீசலால் கழுவுகிறவர்கள் உண்டு. டீசல் பட்டால் ரப்பர் டியூபும் பெல்ட்டும் ஊறிப்போகும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

காய்ந்ததும் பவுடர் தூவுங்கள். விலை குறைந்த எந்த முகப் பவுடரும் போதும். பெல்ட், புல்லி பக்கம் மட்டும் வேண்டாம். 15 நிமிடம் நிறுத்தி ஓடவிட்டுப் பாருங்கள், தெரியவில்லை என்றால் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சில லீக்குகள் லோடில் மட்டும்தான் வரும். கை நுழையாத இடத்துக்குச் சின்னக் கண்ணாடி ஒன்றையும் டார்ச்சையும் பயன்படுத்துங்கள், அல்லது மொபைலை உள்ளே விட்டு வீடியோ எடுங்கள்.

அப்படியும் பிடிபடவில்லையா? ஆயிலில் கலக்கும் யுவி சாயம் கிடைக்கிறது. அதை ஊற்றி ஓட்டிவிட்டு, இருட்டில் யுவி டார்ச் அடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக மின்னும்.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி நுழையாதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஸ்டாண்ட் போட்ட பிறகுதான். இதில் தயவுசெய்து அவசரம் காட்டாதீர்கள், வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அறிகுறி: எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், ஆயில் அது வழியாக வரும். வருவதற்கு நான்கு காரணங்கள் உண்டு: மேலே டாப் கவர் பின் மூலை கசிந்து, பிளாக்கின் முதுகில் வழிந்து வருவது; எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் பேக்கிங், அதன் பின்பக்கம்; கியர் பாக்ஸின் முன் சீல்; கடைசியாகத்தான் கிராங்க் பின் சீல்.

முதலில் முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் பாக்ஸ் சீல். எஞ்சின் ஆயில்தான் என்றால் பவுடர் சோதனை. பிளாக்கின் முதுகு வெள்ளையாகவே இருந்து, துளையில் மட்டும் ஈரம் வந்தால், அப்போதுதான் பின் சீலைச் சந்தேகப்படுங்கள். ஏற்றத்தில் லோடோடு போகும்போது எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால், கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிளேட் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி இருக்கும் என்பதால், துளையில் ஈரம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, பின் சீல்தான் என்று உறுதியானால், கியர் பாக்ஸ் இறங்குகிற ஒரே செலவில் மற்றதையும் முடித்துவிடுங்கள். கியர் பாக்ஸ் முன் சீல், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில் இருக்கும் பைலட் பேரிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் குடித்த கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போட்டால் சில நாள் பிடிக்கும், அப்புறம் மறுபடி வழுக்கும். மாற்றுவதுதான் சரி.

சீல் உட்காரும் கிராங்க் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து சீக்கிரமே கசியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ தள்ளி அடிக்க இடம் இருந்தால் அப்படி அடிக்கலாம். இல்லையென்றால் கிராங்க் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்லீவ் போடலாம். கறுப்பு ரப்பர் உதடுள்ள சீலுக்கு ஆயில் தடவி ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதடுள்ள சீலைக் காய்ந்த நிலையில், கூடவே வரும் பிளாஸ்டிக் வளையத்தை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதில் ஆயில் தடவினால் உதடு கிராங்க்கோடு சரியாகப் படியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் புது சீலிலேயே லீக் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஒரே சமயத்தில் பல இடத்தில் கசிகிறது, மாற்றிய சீல் மறுபடி போகிறது

எந்த சீலையும் மாற்றுவதற்கு முன்பு இதைச் செய்துவிடுங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் வாயு எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறும் வழிதான் பிரீதர். பிரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான எல்லா பேக்கிங் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கூடத் தானாக மேலே எழும்பி நிற்கும்.

எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக வாயின் மேல் வையுங்கள். சூடான ஆயில் தெறிக்கலாம், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். மூடி லேசாக ஆடினால் டீசல் எஞ்சினுக்கு அது இயல்பு. மூடியைத் தூக்கி எறிகிற மாதிரி, இட்லிப் பானை ஆவிபோலப் புகை வந்தால் அழுத்தம் அதிகம்.

உடனே ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று முடிவு செய்யாதீர்கள். பிரீதர் டியூபைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கசடு அடைத்திருக்கும், அல்லது டியூப் உள்ளே மடங்கி ஒட்டியிருக்கும். டாப் கவருக்குள் ஆயில் பிரிக்கும் வலையோ வால்வோ இருந்தால் அதையும் கழுவுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் டியூபில் ஓட்டை விழுந்தாலும், வேக்குவம் பம்ப் இழுக்கிற காற்றெல்லாம் எஞ்சினுக்குள் போய் இதே அழுத்தத்தைக் கொடுக்கும். டர்போ சீல் தேய்ந்தாலும் கொடுக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் புகை குறையவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு ரிங் பற்றிப் பேசலாம்.

அறிகுறி: கருகிய ஆயில் வாடை, பானெட் இடுக்கில் நீலப் புகை

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ டர்போவிலோ ஆயில் விழுகிறது. இது தீப்பிடிக்கக்கூடிய லீக். ஓரம் கட்டி, ஆஃப் செய்து, ஆறவிட்டுப் பாருங்கள். டாப் கவர் பேக்கிங்தான் வழக்கமான காரணம், அடுத்தது டர்போவுக்குப் போகும் ஆயில் பைப், அங்கிருந்து திரும்பும் பைப்பின் பேக்கிங். டர்போ பைப்பின் முனையில் தாமிர வாஷர் இருக்கும், கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். ஏர் டியூபுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருந்தால் அது பிரீதரிலிருந்து வருவது, அதற்காக டர்போவை மாற்ற வேண்டாம்.

டாப் கவர் போல்ட்டுகள் 10 நம்பர் ஸ்பேனர் சமாச்சாரம், பல எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இறுக்கம் போதும். கசிகிறதே என்று பலம் காட்டினால் தகரக் கவர் வளைந்து, பேக்கிங் பிதுங்கி, லீக் இரண்டு மடங்காகும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, கவரைச் சமதளமான கண்ணாடி மேல் வைத்து வளைவு பாருங்கள். நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அறிகுறி: எஞ்சின் முன்முகம், பெல்ட், ஃபேன் பக்கமெல்லாம் தெறித்திருக்கிறது

வட்டமாகத் தெறித்திருந்தால் கிராங்க் முன் சீல். புல்லி சுழலும்போது ஆயிலை விசிறியடிக்கும். புல்லியின் கழுத்தில் பள்ளம் இருக்கிறதா என்று இங்கேயும் நகத்தால் பாருங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்து அதில் ஆயில் பட்டிருந்தால், பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வு, பிஸ்டன் எல்லாம் கணக்கில் வந்துவிடும்.

அறிகுறி: ஆயில் சர்வீஸ் செய்த மறுநாளே லீக்

ஃபில்டரையும் டிரெய்ன் போல்ட்டையும் மட்டும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ள, அதன் மேலேயே புது ஃபில்டரைச் சுற்றிவிடுவது உண்டு. இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், பிரஷர் ஏறும்போது பிதுங்கி மொத்த ஆயிலும் சில நிமிடத்தில் கொட்டிவிடும். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பெரும்பாலான ஃபில்டர்களின் மேல் இதை அச்சடித்தே தருகிறார்கள்.

டிரெய்ன் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். அவசரத்தில் தாமிர வாஷரைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும், பழைய மெக்கானிக்குகள் செய்வதுதான். அலுமினிய சம்ப்பில் மரை போயிருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், புது மரையாக உள்ளே ஏற்றும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போடுங்கள்.

ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும். அதன் வயர் கப்ளரை உருவிப் பாருங்கள், உள்ளே ஆயில் நின்றால் சுவிட்ச்தான் கசிகிறது. சின்னச் செலவு.

அறிகுறி: சம்ப் சுற்றிலும் ஈரம்

மேலே எதுவும் கசியவில்லை என்று உறுதியான பிறகே சம்ப் பேக்கிங். கல் அடித்து நசுங்கியிருக்கிறதா, விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இதற்கு டியூபில் வரும் அனபாண்ட் பசை போடுவது வழக்கம். தவறில்லை, அளவு முக்கியம். இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் அறுபடாத ஒரே கோடு, போல்ட் துளையின் உள்பக்கமாக. அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்கிய துண்டுகள் உடைந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். அப்போது பிரஷர் விழுந்து, கிராங்க் பேரிங் அடித்துக்கொண்டு போகும். ஆயில் ஊற்றுவதற்கு முன்பு டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிடுங்கள். ஒரு நாள் வண்டி நின்றாலும் பரவாயில்லை.

அறிகுறி: ஆல்டர்னேட்டர் நனைகிறது, பிரேக் மிதி கட்டையாகிறது

பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்குவம் பம்ப் இருக்கும், அதற்கு எஞ்சின் ஆயில் போய் வரும். அதன் ஓரிங்கோ பைப்போ கசிந்தால் ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் இறங்கி சார்ஜிங் போகும். பம்ப்பும் பலமிழந்தால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. மலை இறக்கத்தில் ஓட்டுகிறவர்கள் இதை அன்றே சரிசெய்யுங்கள்.

அறிகுறி: கீழே சொட்டே இல்லை, ஆயில் மட்டும் குறைகிறது

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ராத்திரி 10 மணி நேரத்தில் 600 சொட்டு. பயமாகத் தெரிந்தாலும் ஒரு டீ கிளாஸில் கால்வாசி வந்தால் அதிகம். ஆகவே வாரம் அரை லிட்டர் குறைகிறது, தரையில் ஒன்றிரண்டு சொட்டுதான் என்றால், ஓடும்போது மட்டும் பிரஷரில் கசிகிறது அல்லது எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ஓடும்போது கசிந்தால் வண்டியின் அடிப்பாகம் பின்னால் வரை நனைந்திருக்கும். குடித்தால் சைலன்சரில் நீலப் புகை வரும். ஆயில் கூலர் உள்ள எஞ்சினில் கூலன்ட் டப்பாவைத் திறந்து, மேலே எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆயில் அளவு கூடினால் அதுவும் நோய்தான். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ பம்ப் சீலோ டீசலைக் கலக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில், சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் சுத்தமாகும் வேலை பாதியில் அடிக்கடி நின்றுபோனாலும் இப்படி ஆகும். நீர்த்த ஆயில் எல்லா சீலிலும் எளிதாகக் கசியும். பால் டீ நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

வழியில் மாட்டிக்கொண்டால்

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை என்று பார்க்காதீர்கள், அந்த இடத்திலேயே ஆஃப் செய்யுங்கள். விளக்கு எரியவில்லை, லீக் மெதுவாக இருக்கிறது என்றால், சமதரையில் நிறுத்திப் 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, அதே தர ஆயிலை ஊற்றி ஓட்டி வரலாம். 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நான் எப்போதும் சீட்டுக்குப் பின்னால் 2 லிட்டர் ஆயிலும் கொஞ்சம் பனியன் வேஸ்ட்டும் வைத்திருப்பேன். மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம், அதிக ஆயிலும் சீலைத் தள்ளும்.

லீக்கை நிறுத்தும் மருந்து என்று விற்பது, காய்ந்து சுருங்கிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். கிழிந்த பேக்கிங்குக்கும் பள்ளம் விழுந்த கிராங்க்குக்கும் அது ஒன்றும் செய்யாது. 15டபிள்யூ40 என்ற தர ஆயிலில் ஓடுகிற எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றி லீக்கைக் குறைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகி, டர்போதான் பாதிக்கப்படும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை மறுபடி கழுவித் துடைத்துவிட்டுத்தான் வண்டியை வாங்குங்கள். முதல் 100 கிலோமீட்டர் கழித்து ஒரு முறை, லோடோடு மலை ஏறி இறங்கியதும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். அன்று ராத்திரி மறுபடியும் அந்த அட்டையை விரியுங்கள்.